பாய் காரின் ஸ்பீக்கர் பெட்டிகள்

என் வீட்டுக்காரர் மறியலுக்குப் போன காலையில், பாயின் அம்பாசடர் காரிலிருந்து கழற்றிய இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும் என் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் கிடந்தன. நாங்கள் அப்போது கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் போகும் ரோட்டில் வாடகைக்கு இருந்தோம். கார், வேன்களுக்கு சீட் கவர் தைத்துப் போடுவதுதான் தொழில். அளவெடுப்பதும் மாட்டுவதும் அவர், தைப்பது நான்.

பாய் வாடகைக் கார் ஓட்டுபவர். புதிதாக டேப் செட் வாங்கி, ஆசாரியிடம் சொல்லிப் பலகையில் பெட்டி செய்து, பின்சீட்டுக்கு மேலே வைத்திருந்தார். பாட்டுப் போட்டால் கிணற்றுக்குள் இருந்து யாரோ கத்துவதுபோல் இருந்தது. பெட்டிக்குள் பஞ்சு வைத்தால் அந்த எதிரொலி அடங்கும் என்று சேலத்தில் ஒரு கடையில் என் வீட்டுக்காரர் கேட்டு வந்திருந்தார். செய்து தருகிறேன் என்று பெட்டிகளை வாங்கி வைத்தார். அதற்குள் மறியல் வந்துவிட்டது.

எங்கள் சாதிக்குத் தனி இடஒதுக்கீடு வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் தெருவில் படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்தவர்கள் நிறையப் பேர். என் வீட்டுக்காரரின் தம்பியும் அதில் ஒருவன். வேலை தேடிப் போனவன் பெங்களூரிலேயே தங்கிவிட்டான். அந்தக் கோபம் இவருக்கு. சாயங்காலம் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுத் தியாகதுருகம் பக்கம் போனார். கூடத்தில் உட்கார்ந்திருந்த அவர் அம்மா, சாப்பிட்டுவிட்டுப் போ என்றார். அதற்குள் இவர் தெருமுனையைத் தாண்டிவிட்டார்.

அன்று சாயங்காலம் அவர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ரோட்டில் புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை, தபால் இல்லை. வாகனச் சத்தமே இல்லாமல் ஊர் கிடந்தது. தியாகதுருகத்திலிருந்து சைக்கிளில் வந்த ஒருவர், மறியல் செய்தவர்களை போலீஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனதைப் பார்த்ததாகச் சொன்னார். எந்த ஊருக்கு என்று அவருக்குத் தெரியவில்லை. கடலூர் என்றார்கள், வேலூர் என்றார்கள். இன்னொரு பக்கம், சில ஊர்களில் காலனிக் குடிசைகளைக் கொளுத்திவிட்டார்கள் என்றும் பேச்சு வந்தது. யார் கொளுத்தினார்கள் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். இவர் எங்கே இருக்கிறார் என்பதைவிட, பிடிபடுவதற்கு முன்னால் என்ன செய்தார் என்பதுதான் எனக்குள் அரித்துக்கொண்டிருந்தது. அதை மாமியாரிடம் சொல்ல முடியாது.

என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வாசலுக்குப் போவேன், உள்ளே வருவேன், அடுப்பில் வைத்ததை மறப்பேன். தைக்க உட்கார்ந்தால் நூல் அறுந்துகொண்டே இருந்தது. அப்போதுதான் பெட்டி கண்ணில் பட்டது. திருப்புளியை எடுத்துப் பின்பலகையைக் கழற்றினேன்.

மிஞ்சிய ஃபோம் துண்டுகள் வீட்டில் மூட்டையாக இருந்தன. தலையணைக்கு அடைப்பதுபோல இரண்டு பெட்டிகளிலும் இடுக்கு விடாமல் அடைத்தேன். பாய் இவரைப் பற்றி விசாரிக்க வந்தபோது, எடுத்துக்கொண்டு போய்ப் போட்டுப் பாருங்கள் என்றேன். கார்தான் ஓடவில்லையே தவிர, செட் பாடும். ஒரு மணி நேரத்தில் பெட்டிகளோடு திரும்பி வந்தார்.

“எதிரொலி போயிடுச்சிம்மா. பாட்டும் போயிடுச்சி. வாயப் பொத்திக்கினு பாடற மாதிரி இருக்குது” என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

அதையெல்லாம் பிடுங்கிவிட்டுப் பழைய சீட்டிலிருந்த தேங்காய் நாரை வைத்தேன். தவில் அடிக்கும்போதெல்லாம் நார் பலகையில் உரசி எலி பிறாண்டுவதுபோல் கேட்டது. அதையும் எடுத்தேன். மலையிலிருந்து வரும் பெண்களிடம் தலையணைக்காக வாங்கிய இலவம்பஞ்சு ஒரு சாக்கில் இருந்தது. அதைப் பிரித்தபோது வீடெல்லாம் பறந்தது. சோற்றில் விழுந்தது, சாமி படத்தில் ஒட்டியது. மாமியார் அந்த நாட்களில் கோரைப்பாயை விரித்துச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தபடியே இருந்தார். தலைமுடியெல்லாம் பஞ்சோடு எழுந்து உட்கார்ந்தார்.

“எம் புள்ள எந்த ஜெயில்ல கெடக்குறானோ. உனக்குப் பாட்டுப் பொட்டி கேக்குதா?”

 அவர் கேட்டதில் தப்பில்லை. ஆனால் கை சும்மா இருந்தால் நெஞ்சு அடித்துக்கொண்டது. அதை அவருக்கு எப்படிச் சொல்வது? இவர் உடுத்திய பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து, பஞ்சு ஸ்பீக்கருக்குள் போய்விடாதபடி மெத்தைபோலத் தைத்து, உள்ளே வைத்து மூடினேன். கொஞ்ச நேரம் கழித்து மாமியார் எழுந்து வந்து, தரையில் கிடந்த பஞ்சை முந்தானையில் வாரினார்.

ரோடு திறந்த பிறகு பாய் போகிற இடமெல்லாம் விசாரித்தார். ஒரு நாள் மத்தியானம் வேகமாக வந்தார். இவரோடு ஒரே வண்டியில் ஏற்றப்பட்ட ஒருவரைக் காய்ச்சல் என்று விட்டுவிட்டார்களாம். அவர் வெள்ளிமலைக்குப் போகிற வழியில் கடை வைத்திருக்கும் தன் அக்காள் வீட்டில் இருக்கிறாராம். மறுநாள் காலையில் போகலாம், என் வூட்டம்மாவும் துணைக்கு வரும் என்றார். மாமியார் என்னிடம், அவன் சாப்பிடுறானான்னு கேளு என்று மட்டும் சொன்னார்.

பாய் முன்னால், நானும் அவர் வீட்டம்மாவும் பின்னால். பெட்டிகள் இரண்டும் எங்கள் தலைக்குப் பின்னால். கச்சிராயபாளையம் தாண்டியதும், நான் அழுதுவிடுவேன் என்று நினைத்தாரோ என்னவோ, பாய் பாட்டுப் போட்டார். பெட்டிகளை மாட்டிய அன்று பாய் காரைத் தெருவில் நிறுத்திப் போட்டுக் காட்டியபோது, வீட்டுக்குள் இருந்து கேட்ட எனக்கு நன்றாகத்தான் தோன்றியது. இப்போது காதுக்குப் பக்கத்தில் கேட்டேன். கணீரென்று வரவேண்டிய குரல் போர்வைக்குள் இருந்து வந்தது. மலை ஏறத் தொடங்கியதும் வளைவுக்கு வளைவு எனக்கு மூச்சு முட்டியது. அது பாட்டாலா, போய்க் கேட்கப்போகும் செய்தியாலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

வண்டியை நிறுத்துங்கள் என்றேன். வாந்தி வருகிறது என்று நினைத்துப் பாய் ஓரம் கட்டினார். நான் இறங்கி, கையோடு எடுத்து வந்திருந்த இவருடைய அளவெடுக்கும் பையிலிருந்து திருப்புளியை எடுத்துப் பின்பலகையைக் கழற்றத் தொடங்கினேன்.

“இன்னா தங்கச்சி பண்ற?” என்று பாய் வீட்டம்மா கேட்டார்.

“ஜாஸ்தியா அடச்சிட்டேங்க்கா. பாதிய எடுக்கணும்.”

தையலைப் பிரித்துப் பாதிப் பஞ்சை வெளியே இழுத்தேன். மீதியை விரலால் உதறி, பலகைகளை ஒட்டி மட்டும் பரப்பி, நடுவில் இடம் விட்டு, வேட்டித் துணியைத் திரும்பவும் இழுத்துக் கட்டினேன். எடுத்த பஞ்சு காற்றில் பள்ளத்தின் பக்கம் போயிற்று. மேலிருந்து பலாப்பழம் ஏற்றி வந்த ஜீப் ஒன்று நின்று, வண்டி ரிப்பேரா என்று கேட்டுவிட்டுப் போனது. பாய் வீட்டம்மா சேலையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அத்தனை நாளில் முதல் சிரிப்பு.

திரும்பப் பாட்டுப் போட்டபோது பாய் ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி கிளம்பாமல் கேட்டார். தவில் தனியாக, குரல் தனியாக, பாடுகிறவர் மூச்சு இழுப்பது உட்படக் கேட்டது. இதுதாம்மா, இதுதான் என்றார். எனக்குச் சந்தோஷம் கொஞ்ச நேரம்தான் நின்றது. போகலாம் பாய், போகலாம் என்று அவசரப்படுத்தினேன்.

கடை ரோட்டோரமாகவே இருந்தது. காய்ச்சல்காரர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரர் திருச்சி ஜெயிலில் இருப்பதாகவும், நன்றாக இருப்பதாகவும், சாப்பிடுவதாகவும் சொன்னார். பாய் வெளியே டீ சொல்லப் போன நேரம் பார்த்து, நான் கேட்கவேண்டியதைக் கேட்டேன்.

“எதையாவது கொளுத்தினாங்களா, உங்க கூட இருந்தவங்க? இவரு?”

அவர் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார். “நாங்க இருந்த எடத்துல மரம் வெட்டனோம்மா. உம் வூட்டுக்காரரும் வெட்டனாரு. அப்பறம் ரோட்டுல உக்காந்தோம். கொளுத்துனது வேற எடம். அது தப்புதாம்மா. அத நான் இல்லன்னு சொல்லமாட்டேன்.”

நான் தலையாட்டினேன். அதற்குப் பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்ததுபோல நெற்றியைத் தேய்த்தார். இவர் வீட்டுக்குச் சொல்லச் சொன்ன செய்தி ஒன்று உண்டாம்.

“பாய் பொட்டிய நான் வர்ற வரைக்கும் யாரும் தொட வேணாம்னு சொல்லச் சொன்னாரு.”

டீயோடு உள்ளே வந்த பாய் அதைக் கேட்டுவிட்டு அடக்க முடியாமல் சிரித்தார். அவர் வீட்டம்மாவும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்கு ஒரு வார்த்தை இல்லை, பெற்ற தாய்க்கு ஒரு வார்த்தை இல்லை. மலை இறங்குகிற வரையில் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன். பாய் பாட்டை நிறுத்திவிட்டு மெதுவாக ஓட்டினார். வீட்டில் மாமியாரிடம், சாப்பிடுகிறாராம், உங்களைக் கேட்டாராம் என்று சொன்னேன். அவர் எழுந்து குளித்துவிட்டு வந்து உலை வைத்தார்.

இவர் வந்தது ஒரு காலை நேரத்தில். தாடியோடு, தோள் எலும்பு தெரிய வந்தார். அம்மா அழுது முடித்ததும் குளித்தார், சாப்பிட்டார், நேராகப் பாய் வீட்டுக்குப் போய்ப் பெட்டிகளைக் கழற்றிக்கொண்டு வந்தார். பின்பலகையைத் திறந்து உள்ளே கையை விட்டுப் பார்த்துவிட்டு, பஞ்சு கம்மியாக இருக்கிறது என்றார். சாக்கிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்தார்.

“வைங்க பாக்கலாம்” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் கை நின்றது.

அதற்குப் பிறகு நான் நிறுத்தவில்லை. சாயங்காலம் வருகிறேன் என்று போனது, எந்த ஊர் என்று தெரியாமல் நான் வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தது, குடிசை எரிந்த பேச்சைக் கேட்டு இவர் கையும் அதில் இருக்குமோ என்று பயந்தது, காய்ச்சல்காரர் சொன்ன செய்தி, எல்லாவற்றையும் சொன்னேன். இத்தனைக்கும் நடுவில் உங்களுக்குப் பொட்டி ஞாபகந்தான் வந்துச்சா என்று கேட்டேன். மாமியார் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். மகனுக்காகப் பேச வெளியே வரவில்லை.

அவர் பஞ்சைச் சாக்கில் போட்டார். பலகையைத் தடவினார்.

“வூட்ட நெனச்சா அங்க அழுக வந்துடுது” என்றார். “அத்தினி பேர் எதிர்ல அழ முடியுமா? அதான் பொட்டிய நெனச்சிக்கினு கெடந்தேன். எவ்ளோ வைக்கலாம், எந்தத் துணி போடலாம்னு. தூக்கம் வர்ற வரைக்கும் அதான்.”

நானும் அதற்காகத்தான் அந்தப் பெட்டியைத் திறந்தேன் என்று அவரிடம் சொன்னேனா என்று இப்போது நினைவில்லை. சொல்லியிருக்க மாட்டேன். பெட்டிகளை இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு போய்ப் பாய் காரில் மாட்டினோம். பின்சீட்டில் உட்கார்ந்து கேசட்டில் ஒரு பக்கம் முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, இப்படியே இருக்கட்டும் என்றார்.

ஆனால் அவர் பழைய ஆளாகத் திரும்பவில்லை. பகலில் படுத்தால் லாரிச் சத்தத்துக்கு எழுந்து உட்காருவார். சீட் அளவெடுக்கப் போனால் பாதியில் அளவு டேப்பை என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே போய் நிற்பார். அளவெடுப்பதும் மெல்ல என் வேலை ஆயிற்று. பாய் காரைக் கேட்டுவிட்டு மற்ற டிரைவர்களும் பெட்டி கொண்டுவந்தார்கள். மணலூர்பேட்டையிலிருந்துகூட ஒருவர் வந்தார். எல்லோரும் நிறைய அடைக்கச் சொல்வார்கள். நான் கொஞ்சமாக வைத்துக் கொடுத்து, முதலில் போட்டுக் கேட்டுவிட்டு வாருங்கள் என்று அனுப்புவேன்.

கேட்டபடியே கிடைக்காவிட்டாலும், பிறகு ஒரு ஒதுக்கீடு வந்தது. அதற்கு முன்னால் இன்னும் கூட்டங்கள், இன்னும் ஊர்வலங்கள். மழைக்காலம் முடிந்ததும் ரிஷிவந்தியத்தில் ஒரு கூட்டம் என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். இவர் சட்டையை மாட்டினார். நான் மிஷினை மூடிவிட்டு, நானும் வருகிறேன் என்றேன். எதற்கு என்றார். எந்த மேடையில் யார் என்ன பேசுகிறார்கள் என்று எனக்கும் தெரியவேண்டும், குடிசை எரிந்ததைப் பற்றி யாராவது வாய் திறக்கிறார்களா என்று பார்க்கவேண்டும் என்றேன்.

அவர் வாசலில் நின்று யோசித்தார். அதற்குள் மாமியார் புடவை மாற்றிக்கொண்டு, வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்துவிட்டார். மூன்று பேரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம்.