வடிவு எடுத்துவந்த மூன்று புத்தகங்கள்

சனிக்கிழமை மாலை, நூலகத்தின் மின்விசிறிக்கு நேர் கீழே நின்று சுடலைவடிவு அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்து வெகு நேரமாயிற்று, கை ஒன்றையும் எடுக்கவில்லை. வலது மணிக்கட்டில் பழைய சேலைத் துணியைச் சுற்றிக் கட்டியிருந்தாள். அந்தக் கைக்குப் புத்தகத்தை உருவும் வலு இல்லை. இடது கையால் ஒன்றை இழுத்தால் பக்கத்தில் இருப்பவையும் சேர்ந்து சரிந்தன.

"என்ன வடிவு, இன்னைக்கு யாரு மொறை?" என்று மேசையிலிருந்து கேட்டார் நூலகர் நேசையா.

"எல்லாரு மொறையுந்தான் அண்ணாச்சி. ஒராளுக்குப் பாத்து எடுத்தா இன்னொராளு மூஞ்சியத் தூக்குதாவ."

"ஒனக்கு என்ன வேணும்னு எடேன்."

"எனக்கு ஒரு பாயும் தலகாணியும் வேணும். அது எந்த அலமாரியில இருக்கு?"

நேசையா சிரித்துக்கொண்டே சன்னல் கதவுகளைச் சாத்தப் போனார். ஊரில் வடிவுக்குப் புத்தகக்காரி என்று பெயர். அவள் தனக்கென்று ஒரு புத்தகம் எடுத்து வருஷக்கணக்காகிறது.

தங்கத்தாய் வீட்டு முன்னறையில் தினமும் நாலு பெண்கள் மடியில் முறம் போன்ற சுளகு வைத்து உட்காருவார்கள். தங்கத்தாய், அவள் மருமகள் செல்வமணி, பக்கத்து வீட்டு முத்துராணி மூவரும் பீடி சுற்றுவார்கள். வடிவு படிப்பாள். அவள் சுளகு மட்டும் வெறுமையாக இருக்கும்.

வடிவும் சுற்றியவள்தான். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் போகும் காலையில்கூட இலை வெட்டிவைத்துவிட்டுத்தான் போனாள். அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் முதலில் கேட்டது, "பிள்ளைக்குப் பீடிக் கார்டு இருக்கா?" என்பதைத்தான். கழுத்துச் செயினோடு கார்டும் சீர்வரிசையாக வந்தது. புருஷன் இசக்கிமுருகன் திருநெல்வேலியில் ஒரு ஜவுளிக் குடோனில் காவல் இருக்கிறார். ஞாயிறன்று வருவார், பாதி ஞாயிறு தூங்குவார். இரண்டு பிள்ளைகளும் வளர்ந்து, படித்து, வெளியூர் போனது அவளுடைய விரல்களால்தான். பிறகு விரல்கள் அவளை விட்டுவிட்டன. இலையைச் சுருட்டி நுனியை மடக்கும் அந்தக் கட்டைவிரலின் அடியில் முதலில் குத்தியது, அப்புறம் பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரி டாக்டர் சின்னப் பெண். "கைக்கு ஓய்வு குடுங்கம்மா," என்றாள். வடிவு நல்ல பிள்ளை மாதிரித் தலையாட்டிவிட்டு, வெளியே பஸ்ஸுக்கு நிற்கும்போது தனியே சிரித்தாள்.

கடைக்குப் பீடி போகாவிட்டால் கார்டு நின்றுவிடும். கார்டு நின்றால் பி.எஃப். நிற்கும், இருமலுக்கு மருந்து தரும் பீடித் தொழிலாளர் ஆஸ்பத்திரியும் அதோடு போகும். புகையிலைத் தூளை மூச்சில் இழுத்தே வளர்ந்த நெஞ்சுக்கு அந்த ஆஸ்பத்திரி இல்லாமல் ஆகாது.

வெள்ளம் வந்த மார்கழியில்தான் அவளுக்கு வழி பிறந்தது. ஆற்றுத் தண்ணீர் தெருவுக்குள் ஏறியதில் தங்கத்தாய் வீட்டு டிவி ஊறிப் போயிற்று. சத்தமில்லாமல் சுற்றிப் பழக்கமில்லாத பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சும்மா இருந்த வடிவு, நிவாரணச் சாமான் பொதிந்து வந்த வாரப்பத்திரிகையை எடுத்து உரக்கப் படித்தாள். முதலும் இல்லாமல் முடிவும் இல்லாமல் ஒரு தொடர்கதை. அன்றைக்குப் பீடிக்கடையில் சரியில்லை என்று கழித்துப் போட்ட பீடி ரொம்பக் குறைவு.

"டிவின்னா கண்ணும் அங்கன போயிருது. கத கேட்டா காது மட்டுந்தான் போவுது, கண்ணு சுளகுலேயே கெடக்கு," என்றாள் தங்கத்தாய்.

மறுநாள் மாலை எழும்போது அவள் தன் பீடியில் ஒரு கட்டு எடுத்து வடிவின் வெறும் சுளகில் போட்டாள். மற்ற இருவரும் போட்டார்கள். யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. அதற்கு அடுத்த நாளும் வடிவு படித்தாள், சுளகில் பீடி விழுந்தது, அது அவள் கார்டில் கடைக்குப் போயிற்று. அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது.

படிப்பதில் களைப்பு இல்லை. தேர்ந்தெடுப்பதில்தான் அவள் தேய்ந்து போனாள். தங்கத்தாய்க்கு வயது அறுபதுக்கு மேல் இருக்கும், சாமி கதை எடுத்துப் போனால், "இந்தச் சாமியெல்லாம் எனக்கு என்ன செஞ்சுது?" என்பாள். பேய்க்கதை எடுத்துப் போனபோது, "என் புருசனோட குடும்பம் நடத்தினவ நான். இந்தப் பேயி என்னத்த பண்ணும்?" என்றாள். முத்துராணிக்குக் குடும்ப நாவல் பிடிக்கும். ஆனால் கதையில் மாமியார் பேசத் தொடங்கினால், அடுத்த வீட்டிலிருக்கும் தன் மாமியாருக்குக் கேட்டுவிடும் என்று, "பையப் படிங்க மைனி, பையப் படிங்க," என்று பதறுவாள். துப்பறியும் கதை செல்வமணிக்காக. அவள் இரண்டாம் அத்தியாயத்திலேயே, "டிரைவர்தான் கொன்னுருக்கான்," என்று சொல்லிவிடுவாள். அவன்தான் கொன்றிருப்பான். ஒரு தடவை வடிவு சமையல் புத்தகம் எடுத்துப் போய் வாங்கிக்கட்டிக்கொண்டாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் முந்திரி, நெய், குங்குமப்பூ என்று படிக்கப் படிக்க முத்துராணி சுளகைக் கீழே வைத்துவிட்டாள். "வீட்டுல நேத்து வச்ச புளித்தண்ணி இருக்கு மைனி. அதுக்கு எதுவும் போட்டுருக்கா பாருங்க."

எல்லாரையும் ஒன்றாக இழுத்துப் பிடித்தது ஒரு பயணக் கதைதான். பனிமலைக்கு நடந்து போன ஒருவருடைய கதை. அதுபோல இன்னொன்று அவளுக்கு அகப்படவில்லை.

இந்த வாரம் செல்வமணியின் புருஷன் மகாராஜா அவளுக்குப் புதுப் போனும், கையளவு ஸ்பீக்கரும் வாங்கிக் கொடுத்தான். அதில் கதை சொல்லும் ஆப் இருந்தது. ஆணுக்கு ஆண் குரல், பெண்ணுக்குப் பெண் குரல், இடி இடித்தால் இடிச் சத்தம். இரண்டு நாள் போன் கதை சொன்னது. வடிவு பையைத் திறக்காமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் நாள் மாலை தங்கத்தாயும் முத்துராணியும் கட்டுப் போட்டார்கள். செல்வமணி சுளகைத் தட்டிவிட்டு எழுந்து உள்ளே போனாள். மறந்துதான் போனாள், முகத்தில் வேறொன்றும் இல்லை. அவள் வேண்டுமென்று போடாமல் போயிருந்தால் வடிவு சண்டை போட்டிருப்பாள். மறந்து போகிறவளிடம் என்ன கேட்பது?

சுளகில் பீடி விழுவது நின்றுவிடுமோ என்ற பயத்துக்குள் ஒரு சின்ன நிம்மதியும் இருந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. போன் கதை சொன்ன அந்த இரண்டு நாளும் அவள் சுவரில் சாய்ந்தபடி கொஞ்சம் தூங்கியிருந்தாள்.

"வடிவு, சாவி கையில இருக்கு பாத்துக்கோ," என்றார் நேசையா.

இடி, மழை, பெண் குரல் எல்லாம் வைத்திருக்கும் ஒன்றுக்கு எதிராக எந்தப் புத்தகத்தை எடுப்பது? அலமாரி முழுக்க முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. வடிவுக்குக் கண் எரிந்தது. மேசையில் யாரோ திருப்பிக் கொடுத்துப் போன புத்தகங்கள் கிடந்தன. மேலே இருந்த மூன்றைப் பார்க்காமலே எடுத்துப் பைக்குள் போட்டாள்.

"என்னன்னு பாக்கலயே?"

"என்னவா இருந்தா என்ன அண்ணாச்சி. எழுதிக்கிடுங்க."

திங்கட்கிழமை தங்கத்தாய் வீட்டில் ஸ்பீக்கர் நடுவில் இருந்தது. வடிவின் சுளகு அதற்குப் பின்னால் சுவரோரம் தள்ளியிருந்தது. அவள் அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். போனில் ஒரு பெண் புருஷனைத் தேடி மழையில் ஓடிக்கொண்டிருந்தாள். முத்துராணிக்குக் கண் கலங்கியிருந்தது.

"தண்ணி வந்துட்டு!" என்று தெருவில் யாரோ கத்தினார்கள்.

சுளகுகள் கீழே இறங்கின. குடங்களை எடுத்துக்கொண்டு மூவரும் குழாயடிக்கு ஓடினார்கள். வடிவுக்குக் குடம் தூக்க முடியாது. ஆளில்லாத அறையில் போன் அவளுக்கு மட்டும் கதை சொன்னது. நிறுத்த அவளுக்குத் தெரியாது.

திரும்பி வந்து ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது கதையில் எல்லாரும் அழுதுகொண்டிருந்தார்கள்.

"ஏட்டி, யாரு செத்தது?" என்றாள் தங்கத்தாய்.

"புருசன்," என்றாள் வடிவு.

"அட சவமே! ஒரு கொடம் தண்ணி புடிச்சுட்டு வாரதுக்குள்ள தாலிய அறுத்துட்டானா? செல்வமணி, பின்னால கொண்டு போ."

செல்வமணி அதற்குள் இலையை எடுத்திருந்தாள். ஊறிய இலையின் ஈரமும் தூளும் அப்பிய விரலால் போனைத் தொட்டாள். போன் அசையவில்லை. அழுத்தித் தேய்த்தாள். கதை குதித்து வேறெங்கோ போய், யாருக்கோ கல்யாணம் நடந்தது. மறுபடி தேய்த்தாள். ஒரு ஆண் குரல், ஆவணமே இல்லாமல் உடனடிக் கடன் வேண்டுமா என்று உற்சாகமாகக் கேட்டது.

"அங்கன ஒருத்தி மயங்கிக் கெடக்கா, இவன் கடன் வேணுமாங்கான்!"

"கையக் கழுவிட்டு வந்து போடுதேன் அத்த."

"ஒவ்வொரு தடவையும் கையக் கழுவிட்டு எப்பம் பீடி சுத்துவ? நிப்பாட்டு." தங்கத்தாய் சுவர்ப்பக்கம் திரும்பினாள். "வடிவு, நீ என்னத்தக் கொண்டாந்துருக்க?"

வடிவு பைக்குள் கைவிட்டு முதலில் வந்ததை எடுத்தாள். அட்டையில் ஒரு யானைக்குட்டி குடை பிடித்துக்கொண்டிருந்தது. பக்கத்துக்கு இரண்டு வரி, மீதியெல்லாம் படம். செல்வமணி வாய்விட்டுச் சிரித்தாள்.

"யக்கா, பாலவாடிக்கா படிக்கப் போறிய?"

வடிவுக்கு முகம் சூடேறியது. "தெரியாம எடுத்துட்டேன். வேற இருக்கு."

"எதுக்கு வேற? படி," என்றாள் தங்கத்தாய். "எனக்குப் பல்லு விழுந்து மொளைக்கையில மடியில சுளக வச்சாவ. நான் இன்னும் படம் பாக்குத வயசுக்கே வரல்ல."

வடிவு படித்தாள். யானைக்குட்டி மழைக்குப் பயந்து குடை கேட்கிறது. எந்தக் குடையும் போதவில்லை. ஒவ்வொரு பக்கத்துக்கும் தங்கத்தாய், "படத்தக் காட்டு," என்றாள். வடிவு புத்தகத்தைத் திருப்பிக் காட்டினாள். கண் சுளகை விட்டுப் போயிற்று, அதைப் பற்றி யாரும் பேசவில்லை. கடைசியில் குட்டி தாயின் வயிற்றுக்கடியில் போய் நின்றுகொண்டது.

"இத மொதல்லயே செஞ்சுருக்கலாம்லா, கூறுகெட்டது," என்றாள் தங்கத்தாய். கொஞ்சம் கழித்து, "திரும்ப ஒருக்கப் படி," என்றாள்.

இரண்டாவது புத்தகம் கோழி வளர்ப்பு. முத்துராணி நிமிர்ந்தாள், அவள் வீட்டில் கோழி உண்டு. அரை மணி நேரத்துக்குப் புத்தகத்தோடு வழக்காடினாள். "வெள்ளக்கழிச்சலுக்கு அப்படியா எழுதிருக்கு? எழுதினவன் கோழியக் கொழம்புலதான் பாத்துருப்பான்." செல்வமணிக்குச் சிரித்துச் சிரித்து நூல் அறுந்தது. அவள் அதை முடிந்து முடிக்கும்வரை வடிவு வரியில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். எப்போதும் அப்படித்தான் செய்வாள். இன்றைக்குச் செல்வமணி அந்த விரலைப் பார்த்தாள்.

மூன்றாவது மெலிந்த புத்தகம். உள்ளே பாதிக்குப் பாதி வெறும் தாளாகக் கிடந்தது. கவிதை. வடிவு ஒரு பக்கத்தைப் புரட்டிப் படித்தாள்.

"வீட்டைப் பூட்டி
வெகுதூரம் வந்த பின்
உள்ளிருந்து யாரோ
தாழ்ப்பாள் போடும் சத்தம்."

படித்துவிட்டு இருமினாள்.

"பெருச்சாளியா இருக்கும்," என்றாள் தங்கத்தாய்.

"பாக்கி எங்க யக்கா?"

"பாக்கி இல்ல. அம்புட்டுதான்."

"இதுக்கா ஒரு பக்கம்?"

முத்துராணியின் புருஷன் திருப்பூரில் இருக்கிறான். போன பொங்கலுக்கும் வரவில்லை. அவள் சுற்றிய பீடியை நூல் கட்டாமல் விரலிடுக்கில் பிடித்தபடி இருந்தாள்.

"இன்னொரு தடவ படிங்க மைனி," என்றாள்.

வடிவு படித்தாள். முத்துராணி நூலைக் கட்டினாள்.

மாலையில் எழுந்தபோது தங்கத்தாய் கட்டைப் போட்டாள். முத்துராணி போட்டாள். செல்வமணி போனை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வாசல் வரை போய்விட்டாள். வடிவு அவளைப் பார்க்காமல் புத்தகங்களைப் பையில் அடுக்கினாள், யானை, கோழி, கவிதை. பின்னால் சுளகில் கட்டு விழும் சத்தம் கேட்டது.

"போன வாரம் போடாம போயிட்டேன் போல. அதுவும் சேந்துருக்கு யக்கா," என்றாள் செல்வமணி. அப்புறம், "மத்தியானம் சோத்தத் தின்னுட்டுக் கையக் கழுவுவோம்லா, அப்பம் போனப் போடுதேன். நீங்க அந்த நேரம் செத்த படுங்க. தூங்கித் தூங்கி விழுதிய."

வடிவு தலையை ஆட்டினாள். சுளகை இடது கையால் இடுப்போடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். முழங்கால் மடக்கென்று சத்தம் போட்டது.

"ஏட்டி வடிவு," என்றாள் தங்கத்தாய். "எப்படிப் பாத்து எடுத்த இந்த மூணையும்?"

"பாக்கவேயில்ல அத்த. கண்ண மூடிட்டு எடுத்தேன்."

"அப்பம் வார சனிக்கிழமையும் கண்ண மூடிட்டே எடு."

"மூடினா," என்றாள் வடிவு, வாசற்படியை ஒவ்வொரு காலாக இறங்கியபடி, "அங்கனயே தூங்கிருவேன்."