மாத்திரை எழுதாத சீட்டு

தர்மபுரிப் பக்கம் கடத்தூரிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஓர் ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆரோக்கியராஜ் மருந்தாளுநர். இருபத்திரண்டு வருடங்களாக ஒரே ஜன்னல். கொரோனா இரண்டாவது அலையில் ஒருநாள்கூட அவர் விடுப்பு எடுக்கவில்லை. அதனால் ஊரில் அவர் வார்த்தைக்கு டாக்டர் வார்த்தைக்குச் சமமான மதிப்பு.

அலை ஓய்ந்த பிறகு வந்தவர்களுக்குக் காய்ச்சல் இல்லை. தூக்கம் வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது, சோறு இறங்கவில்லை என்றார்கள். டாக்டர் கனிமொழிக்கு அந்த நிலையம்தான் முதல் வேலை. அவர்களை உட்காரவைத்து வெகுநேரம் பேசுவார். மாத்திரை தேவைப்பட்டவர்களுக்கு மாத்திரை. வேறு சிலருக்குச் சீட்டில் தமிழிலேயே எழுதினார்: "புதன், சனி காலை ஏழு மணி. ஏரிக்கரையில் குழுவோடு நடை, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுதல். எட்டு வாரம்." நர்ஸ் ஒருவர் கூடவே போவார்.

ஆரோக்கியராஜுக்கு இது விளையாட்டாகப் பட்டது.

2022 பிப்ரவரியில் காசியம்மாள் அப்படி ஒரு சீட்டோடு ஜன்னலுக்கு வந்தாள். முந்தைய மே மாதம் அவள் புருஷன் குப்புராஜ் கொரோனாவில் சேலம் ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோனார். முகத்தைக்கூடக் காட்டவில்லை. அதன் பிறகு அவள் காட்டு வேலைக்குப் போகவில்லை. வீட்டை விட்டே அதிகம் வெளியில் வருவதில்லை. எழுதப் படிக்கவும் தெரியாது.

"இதுல என்ன மருந்துங்க சார் எழுதியிருக்குது?"

"மருந்தே இல்லைங்கம்மா. ஏரிக்கரையில காத்து வாங்கச் சொல்லியிருக்காங்க. நீங்க காட்டுல நடக்காத நடையா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் லேசாகச் சிரித்தாள். வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல் பத்து சத்து மாத்திரையை எடுத்துக் கொடுத்தார்.

"காசியம்மா ஏன் வர்றதில்ல? உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா சார்?" என்று இரண்டு வாரம் கழித்து டாக்டர் கேட்டார்.

"தெரியலைங்க மேடம்."

அந்த வருடம் நவம்பரில் நர்ஸுக்கு உடம்பு சரியில்லாமல் போக, ஒரு புதன்கிழமை ஆரோக்கியராஜை ஏரிக்கரைக்கு அனுப்பினார்கள். வேண்டாவெறுப்பாகத்தான் போனார். ஒன்பது பேர் வந்திருந்தார்கள். தொப்பூர் இறக்கத்தில் கை நடுங்குகிறதென்று லாரி ஓட்டுவதையே விட்டிருந்த பச்சியப்பன் புங்கன் கன்றுகளுக்குக் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்துகொண்டிருந்தார்.

"வூட்ல ஒண்ணும் சொல்லலையாங்க?" என்று ஆரோக்கியராஜ் கேட்டார்.

"மொதல்ல கிண்டல் பண்ணாங்க. சீட்ட எடுத்துக் காட்டுனேன். டாக்டர் எழுதுன வைத்தியம், பாதியில உடக்கூடாதுன்னேன். அப்புறம் யாரும் வாயத் தொறக்கலைங்க சார். போன வாரம் தர்மபுரி வரைக்கும் நானே வண்டி ஓட்டிட்டுப் போயிட்டு வந்தேன்."

மீதி நேரம் ஆரோக்கியராஜும் குடத்தில் தண்ணீர் எடுத்து ஊற்றினார். அந்த ஞாயிற்றுக்கிழமை காசியம்மாள் வீட்டுக்குப் போனார். வாசலில் இரண்டு பைகள் கட்டி வைக்கப்பட்டிருந்தன. அவளைக் கூட்டிப்போக மகள் நிர்மலா ஓசூரிலிருந்து வந்திருந்தாள். காசியம்மாள் பாதியாக இளைத்திருந்தாள்.

"புதன்கிழமை ஏரிக்கரைக்கு வாங்கம்மா. நானே கூட வர்றேன்" என்றார்.

"அப்பவே வரணும்னுதான் இருந்தேனுங்க சார். அப்ப அவரு போயி வருசங்கூடத் திரும்பல. புருசன் செத்தவ கரையில உலாத்துறாளேன்னு நாலு பேர் பேசுவாங்க. டாக்டரம்மா சீட்டு குடுத்ததும், இது மருந்துன்னு சொல்லிக்கலாம்னு தைரியம் வந்துச்சு. நீங்களே மருந்து இல்லைன்னுட்டீங்க. அப்புறம் நான் யாருகிட்ட என்னன்னு சொல்றது?"

குறை சொல்லும் குரலில் அவள் பேசவில்லை. அதுதான் அவரை அதிகம் வருத்தியது.

"தனியா உட்டா சரியா சாப்புடறதில்லைங்க" என்றாள் நிர்மலா. "எங்க வூடு மூணாவது மாடி. நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிருவோம். கதவச் சாத்திக்கிட்டு டிவி பாத்துட்டிருந்தாங்கன்னா எங்களுக்கும் நிம்மதி."

ஆட்டோ வந்தது. பைகளைத் தூக்கி வைக்க ஆரோக்கியராஜ் உதவினார். காசியம்மாள் அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஏறிக்கொண்டாள்.

அடுத்த வருடம் கனிமொழி மேல்படிப்புக்குக் கிளம்பினார். நடந்ததை அன்றைக்காவது சொல்லிவிட வேண்டும் என்று ஆரோக்கியராஜ் நினைத்திருந்தார்.

"காசியம்மாவ மட்டும் என்னால வரவைக்க முடியல சார்" என்றார் டாக்டர். "நான் சரியா எடுத்துச் சொல்லலையோ என்னமோ."

ஆரோக்கியராஜ் அவர் பையை எடுத்துக் கொடுத்தார். வெளியே கார் காத்திருந்தது.

"நல்லபடியா போயிட்டு வாங்க மேடம்" என்று மட்டும் சொன்னார்.