தூணுக்குப் பூசிய மஞ்சள்

ஆர்.கே.பேட்டை சாலையோரம் நான் காவலிருக்கும் மாந்தோப்பின் வாசலில் ஒரு கல்தூண் நிற்கிறது. தோப்பை உண்டாக்கிய ஜமீன்தார் இறந்தபோது அவர் மகன் எழுப்பிய நினைவுத்தூண். ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு திருத்தணி மலைக்கு நடப்பவர்கள் அதைச் சாமி என்றே நினைத்து, மஞ்சள் பூசிக் கற்பூரம் ஏற்றுவார்கள்.

“சாமி இல்லம்மா, செத்துப்போன ஜமீன்தாரு தூணு!” என்று வருஷா வருஷம் கத்துவேன்.

“ஆங், இருக்கட்டும் நைனா. நீ ஏன் வெயில்ல நின்னுகினு இருக்கே? இந்தா, தேங்கா சாப்புடு” என்பார்கள். எனக்கு எரிச்சல்தான் கூடும்.

கத்திக் கத்தி அலுத்துப்போய், இந்த வருஷம் ‘இது சாமி அல்ல’ என்று பலகை எழுதி மாட்டினேன். கூட்டம் வந்தது, படித்தது, அரோகரா சொல்லிக்கொண்டே நேராகப் போய்விட்டது. மனைவி போன பிறகு இந்தத் தோப்பில் என்னோடு பேச வருபவர்கள் அவர்கள் மட்டும்தான் என்பது அன்று சாயங்காலம்தான் உறைத்தது.

பலகையைக் கழற்றி அடுப்பில் வைத்தேன். விடிந்ததும் மஞ்சளைக் குழைத்துத் தூணுக்கு நானே பூசினேன். மலையிலிருந்து திரும்புகிறவர்கள் இந்த வழியாகத்தானே வரவேண்டும்.