தோற்ற நாட்டின் கதை சொன்ன கமலா ரீச்சர்

செவ்வாய்க்கிழமை காலை, லண்டன் கோலியர்ஸ் வுட்டில் இருக்கும் என் கடையில் முருங்கைக்காய்ப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தபோது கமலா ரீச்சரின் மகள் அழைத்தாள். "மாமா, அம்மா விடியப்புறம் போயிட்டா," என்றாள். கடையைப் பூட்டிவிட்டு, ரீச்சரின் வீடு இருக்கும் இல்ஃபோர்டுக்கு ரயில் ஏறினேன்.

ரீச்சரை அறிந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக ஜெர்மனிக்குப் போய், அங்கே வரலாறு படித்து, பிறகு லண்டன் பள்ளிக்கூடமொன்றில் அந்த ஜெர்மனியின் வரலாற்றையே கற்பித்தவர். எங்கள் வாசிப்பு வட்டத்தை நடத்தியவரும் அவர்தான். பிந்தி வந்தால் முகத்துக்கு நேரே ஏசுவார். அதிகம் ஏச்சு வாங்கியவன் நான்.

ஊரில் யுத்தம் முடிந்த அடுத்த வருடம், நாங்கள் நடத்திய சிறுபத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினேன். நாங்கள் தோற்றுவிட்டோம், ஏன் தோற்றோம் என்று நாங்களே பேசவேண்டும் என்பதுதான் அதன் சாரம். அப்போது எவரும் அப்படிச் சொல்வதில்லை, பின்னடைவு என்பார்கள். என்னைப் போன்ற துரோகிகளால்தான் எல்லாம் போனது என்று சிவபாதம் அண்ணை கோயில் வாசலில் வைத்துச் சொன்னார். எங்கள் ஆட்களிடையே அவர் சொல்லுக்கு மதிப்பு அதிகம். கடைக்கு வரும் சனம் குறைந்தது. கலியாண வீடுகளுக்கு அழைப்பு நின்றது. போனால் போகட்டும் என்று வீம்புக்கு இருந்தேன்.

அப்பா இறந்தபோது அந்த வீம்பு உடைந்தது. செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. உறவும் அயலும்தான் சாப்பாடு கொண்டுவர வேண்டும். பகல் முழுக்க ஒருவரும் வரவில்லை. என் பிள்ளைகள் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்கள். பின்னேரம் கதவைத் தட்டியவர் கமலா ரீச்சர். லண்டனின் மறு தொங்கலில் இருந்து ரயில் மாறி மாறி, புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். "முதல் சாப்பிடுங்கோ. அழுறதெண்டாலும் வயித்தில என்னவும் கிடக்கவேணும்," என்றார். நான் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சத்தம்போட்டு அழுதேன். அவர் பிள்ளைகளுக்குப் பரிமாறினார்.

தகனம் முடிந்த கையோடு வாசிப்பு வட்டம் வந்தது. தோற்றுப்போன ஜெர்மனியைப் பற்றி அன்று ரீச்சர் பேசுவதாக ஏற்பாடு. நான் போவதாக இல்லை. "நீங்கள் வந்து இருக்காட்டி நான் வாய் திறக்கமாட்டன்," என்று வெருட்டியே வரவைத்தார். முன்வரிசையில் சிவபாதம் அண்ணை இருந்தார்.

ரீச்சர் எங்கள் கதையை எடுக்கவேயில்லை. முதலாம் உலகப் போரில் இனித் தாங்காது, சண்டையை நிறுத்துங்கள் என்று அரசிடம் கேட்டவர்கள் தளபதிகள்தான் என்றார். ஆனால் பழி, மன்னராட்சி போய் வந்த புதிய குடியரசின் அரசியல்வாதிகள்மேல் விழுந்தது. களத்தில் நாங்கள் தோற்கவில்லை, வீட்டுக்குள் இருந்தவர்கள்தான் முதுகில் குத்தினார்கள் என்று அதே தளபதிகள் பிறகு சொன்னார்கள். அதை நம்புவது சனத்துக்குச் சுகமாக இருந்தது. போர்நிறுத்தத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவரைச் சுட்டுக் கொன்றார்கள். யூதர்களையும் இடதுசாரிகளையும் துரோகிகள் என்றார்கள். அந்தப் பொய்யில் ஏறித்தான் ஹிட்லர் வந்தான் என்றார்.

"ஒரு நாடு, ரெண்டு தோல்வி. முதல் தோல்வியை ஒத்துக்கொள்ளேல்லை, ஆர் காட்டிக்குடுத்தது எண்டு தேடிக்கொண்டிருந்தினம். ரெண்டாந்தரம் நகரங்களே இடிஞ்சு கிடந்தது. அப்பவும் தாய் தேப்பன் வாய் திறக்கேல்லை. பிள்ளையள் வளந்து, அப்பா, நீங்கள் என்ன செய்தனீங்கள் எண்டு கேட்ட பிறகுதான் உண்மையாப் பேசத் தொடங்கிச்சினம்."

சிவபாதம் அண்ணை எழும்பினார். "இதை ஆருக்குச் சொல்லுறியள் ரீச்சர்?"

"ஜெர்மனியைப் பற்றித்தானே கேக்க வந்தனீங்கள் அண்ணை. அதைத்தான் சொன்னனான்."

சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "அப்ப என்ர மகன் சும்மாவோ செத்தவன்?" என்றார். அவருடைய ஒரே மகன் கடைசிச் சண்டையில் போனவன்.

ரீச்சர் மேடையை விட்டு இறங்கி அவருக்குப் பக்கத்தில் போய் இருந்தார். "இல்லை அண்ணை. அவனுக்காகத்தான் நாங்கள் உண்மையைப் பேசவேணும். துரோகி எண்டு இன்னொருத்தனைத் துரத்தினா உங்கட மகன் திரும்பி வரப்போறானே?" என்றார். பேச்சை அதோடு நிறுத்திவிட்டார். எல்லோரும் தேத்தண்ணி குடித்தோம்.

அடுத்த கிழமை சிவபாதம் அண்ணை கடைக்கு வந்தார். அரிசி மூட்டைகளைப் பார்த்தபடி, "உங்கட அப்பாவின்ர அந்தியேட்டி எப்ப?" என்று கேட்டார். முப்பத்தோராம் நாள் சடங்கு அது. மன்னிப்பு என்ற சொல்லை அவரும் எடுக்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. அந்தியேட்டியன்று என் வீட்டில் இருக்க இடமில்லாமல் சனம் படிக்கட்டில் நின்று சாப்பிட்டது.

ரீச்சரிடமிருந்து நான் வைத்திருப்பது ஒரு பழக்கம். கோபத்தோடு கத்தும் மனிதரைக் கண்டால், இவர் யாரைப் பறிகொடுத்தார் என்று முதலில் விசாரிக்கிறேன். எத்தனையோ தரம் பதில் வந்த பிறகு என் கோபம் போயிருக்கிறது.

நாங்கள் தோற்ற சனம்தான், ரீச்சர். ஆனால் தோற்ற பிறகும் எனக்குச் சனம் இருந்தது. அது நீங்கள் தந்தது.