ஹோம்புஷ் மூன்றாம் மாடியில் ஓர் ஏலம்

2012 ஒக்ரோபர், வெள்ளிக்கிழமை காலை 8.30. மெல்பேர்ண் சதர்ன் குரொஸ் நிலையத்திலிருந்து சிட்னி ரயில் சொன்ன நேரத்துக்கு அசைந்தது. அதைப் பிடிக்க நோபல் பார்க் வீட்டில் ஐந்தரைக்கே எழும்பினேன். போன ஞாயிறுதான் கோடைக்காக எல்லா மணிக்கூட்டையும் ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியிருந்தார்கள். பறிகொடுத்த நித்திரை இன்னும் கண்ணில் நின்றது. ரிக்கற் தொண்ணூற்றொரு டொலர். ஏறக்குறைய தொள்ளாயிரத்து ஐம்பது கிலோமீற்றர், பதினொன்றரை மணித்தியாலம்.

"பிளேனில ஒண்டரை மணித்தியாலம். உனக்கென்ன விசரோ அக்கா?" என்று தம்பி குகன் போனில் கத்தினான். எனக்கு நிலத்தில் ஓடினால்தான் அது பயணம். மடியில் பயித்தம் பணியாரப் பெட்டியை வைத்துக்கொண்டு வயல்வெளி பார்க்கிற சுகம் வானத்தில் ஏது?

போகிற காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். சிட்னி ஹோம்புஷில் குகனும் பெண்சாதி வசந்தியும் ஏழு வருடமாக வாடகைக்கு இருக்கிற கட்டடத்தில், மூன்றாம் மாடி வீடு சனிக்கிழமை ஏலத்துக்கு வருகிறது. இவர்களுடைய வீட்டுக்காரரோ தன் மகளைக் குடிவைக்கப் போகிறாராம். நவம்பர் கடைசிக்குள் வீட்டை விட்டு எழும்ப வேண்டும். வசந்திக்கு ஜனவரியில் பிள்ளை. ஏற்கெனவே பெப்ரவரியிலும் மார்ச்சிலும் இரண்டு ஏலத்துக்குப் போய் இரண்டிலும் தோற்றுவிட்டார்கள். நேரம் குறித்துக் கொடுத்தவள் நான். சனிக்கிழமை ராகுகாலம் ஒன்பதிலிருந்து பத்தரை. "பத்தரை தாண்டின பிறகு வாயைத் திற" என்றேன். அவனும் அப்படியே செய்தான். ஆனாலும் வீடு கைக்கு வரவில்லை. இந்த முறை ஏலம் பதினொரு மணிக்கு. போனில் சொல்லிச் சரிவராது, நானே நேரில் நிற்கிறேன் என்று வெளிக்கிட்டேன்.

அல்பரி தாண்டும்போது பக்கத்துக் கதிரையில் இருந்த கிரேக்க மனுசிக்குப் பணியாரம் நீட்டினேன். சலோனிக்காவில் பிறந்தவராம், ஐம்பது வருடமாக மெல்பேர்ணில். வீட்டின் விளம்பரத் தாளைக் காட்டினேன். "மத்தியதரைக் கடல் பாணியில் முற்றாகப் புதுப்பிக்கப்பட்ட சொகுசு வீடு" என்று அதில் போட்டிருந்தது. மனுசி கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"என் அம்மா வீடும் மத்தியதரைக் கடல்தான். குசினிக்குள்ளே ஆடு நிற்கும். இதில் ஆட்டைக் காணவில்லையே?"

"வடிவான வீடு, எங்களுக்குத்தான் கிடைக்கும்" என்று நான் சொன்னதும் சிரிப்பை நிறுத்தி, தூ, தூ, தூ என்று மூன்று தரம் துப்புகிற மாதிரிச் செய்தார். கண்ணூறாம்! அட, இது எங்கட ஆள் எண்டு எனக்குச் சரியான புளுகம், சந்தோசம் தாங்கவில்லை. மிச்சப் பணியாரத்தில் பாதி அவருக்குத்தான் போனது.

சிட்னி சென்ட்ரலில் இறங்க இரவு எட்டு ஆகிவிட்டது. உள்ளூர் ரயிலில் இன்னும் அரை மணித்தியாலம். ஹோம்புஷ் நிலையத்துக்கு வெளியே தோசைக்கல்லின் வாசம் வந்து ஆளை வரவேற்றது.

சனிக்கிழமை, 10.40. விடியத் தொடங்கிய மழை விடவில்லை. ஆகையால் ஏலத்தை வெளியே வைக்காமல் வீட்டுக்குள்ளேயே வைத்தார்கள். ஏறிப் போய்ப் பார்த்தால், உண்மையைச் சொல்ல வேண்டும், வாயடைத்துப் போனேன். வெள்ளைச் சுவர், நீலப் பூப்போட்ட ஓடு பதித்த குசினி, மாபிள் மேசை, பளபளவென்று புது அவண் அடுப்பு. பல்கனியில் நின்றால் கடல் எங்கே தெரிகிறது, தண்டவாளம்தான் தெரிகிறது. அதுவும் வடிவுதான். வசந்தி சின்ன அறையின் ஜன்னலடியில் போய் நின்றாள்.

"மச்சாள், தொட்டிலை இதில வைக்கலாம் என்ன?"

"ஓம், வைக்கலாம். இப்ப வாயால சொல்லாத" என்றேன். கிரேக்க மனுசி மாதிரித் துப்பவும் செய்தேன், மெதுவாக.

ஏலம் கேட்கிறவர்கள் பேரைப் பதிந்து இலக்க மட்டை வாங்க வேண்டும். குகனுக்கு ஏழு. வங்கி ஒத்துக்கொண்ட எல்லை ஐந்து லட்சம் டொலர். சரியாகப் பதினொன்றுக்கு ஏலக்காரர் குரலெடுத்தார். ஒரு சீனத் தம்பதி நாலு லட்சத்து இருபதில் தொடங்கினார்கள். நெட்டையான மனிதர் ஒருவர் ஏற்றினார். குகன் மட்டையைத் தூக்கப் போனபோது என் கண் தற்செயலாக அவணில் விழுந்தது. அதன் மணிக்கூடு பத்து மணி என்றது.

யாரோ மாற்ற மறந்துபோன மணிக்கூடு. ஆனால் பிழை அதில் இல்லை, என்னில்! ராகுவுக்கு இந்த நாட்டு அரசாங்கத்தின் கோடை நேரம் தெரியுமோ? அது சூரியனோடு போகிறது. அப்படியென்றால் பத்தரை என்பது இங்கே பதினொன்றரை. நாங்கள் ராகுகாலத்தின் நட்டநடுவில் நிற்கிறோம். ஐயோ கடவுளே, பெப்ரவரியும் மார்ச்சும் கூடக் கோடை நேரந்தானே! இரண்டு தரமும் தம்பியை நேரே ராகுவின் வாய்க்குள் அனுப்பினவள் நான்தான்.

அவனுடைய கையை எட்டிப் பிடித்தேன்.

"பொறு. பதினொண்டரை ஆகும் மட்டும் தூக்காத."

"என்னக்கா, விளையாடுறியோ?"

பிடித்த பிடியை விடவில்லை. நாலு அறுபது. நாலு எழுபது. நெட்டையர் நாலு எண்பது என்றார். சீனத் தம்பதி தலையாட்டி விலகினார்கள். பதினொன்று இருபது. "ஒரு தரம்" என்றார் ஏலக்காரர். குகனின் கை வியர்த்திருந்தது. "இரண்டு தரம்." வசந்தி எங்களைப் பார்க்கவில்லை. அந்தச் சின்ன அறையின் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ராகு பெரிதா, இந்தப் பிள்ளைகள் பெரிதா?

"தூக்கடா!" என்றேன். குரல் கொஞ்சம் உரத்துவிட்டது. வீடு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

குகன் நாலு தொண்ணூறு என்றான். இவ்வளவு நேரமும் கல்லாக நின்றவன் கடைசியில் கேட்டால் பையில் எவ்வளவு இருக்குமோ என்று நெட்டையர் நினைத்திருப்பார். எங்களை ஏற இறங்கப் பார்த்தார், தோளைக் குலுக்கினார், மட்டையை மாபிள் மேசையில் போட்டார். சுத்தியல் விழுந்தது. வசந்தி அழுதாள், குகன் சிரித்தான், நான் இரண்டும் செய்தேன்.

ஆனால் நேரம் 11.23. முகவர் ஒப்பந்தமும் பேனையுமாக ஓடி வந்தார். கேட்டது ராகுகாலத்தில் போகட்டும், கையெழுத்துமா? பேனையை நான் வாங்கிக்கொண்டேன்.

"முதலில் நான் வாசிக்க வேண்டும்."

கண்ணாடியைத் துடைத்தேன். முதல் பக்கத்திலிருந்து விரல் வைத்து, வரிவரியாக, முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு வாசித்தேன். ஒரு இழவும் விளங்கவில்லை. முகவர் குகனின் காதில், "உங்கள் அக்கா வழக்கறிஞரா?" என்று கேட்டார்.

"கிட்டத்தட்ட" என்றான் அவன்.

அவண் 10.31 காட்டியதும் பேனையை நீட்டினேன். "எல்லாம் சரி, போடு."

ஞாயிறு காலை சென்ட்ரலில் வழியனுப்ப இருவரும் வந்தார்கள். "வீட்டுத் திறப்பு கையில கிடைச்ச உடன முதல் வேலை, அந்த அவண் மணிக்கூட்டைச் சரியாக்கிறது" என்றான் குகன்.

"அதில கை வைச்சியோ, எனக்குக் கெட்ட கோபம் வரும். அந்த வீட்டில சரியான நேரம் காட்டுறது அது ஒண்டுதான்!"

இரவு நோபல் பார்க் வீட்டுக்கு வந்து, பையை இறக்கி வைக்க முதலே என் குசினி மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளினேன். என்னுடைய குசினியில் மாபிளும் இல்லை, நீல ஓடும் இல்லை. நேரம் மட்டும் இப்போது இரண்டு வீட்டிலும் ஒன்று. பெப்ரவரி, மார்ச் கதையை இன்னும் குகனிடம் சொல்லவில்லை. சொல்லத்தான் வேண்டும். புது வீட்டில் பால் காய்ச்சி, பிள்ளையும் பிறந்து, அவன் நல்ல சந்தோசமாக இருக்கிற ஒரு நாளில், ராகுகாலம் பார்த்துச் சொல்லுவேன்.