நாலு பேர் இழுத்தும் வராத பட்டி

என் தையல் மிஷின் மேல் ஒரு சாண் நீளத்துக்கு இரும்புப் பட்டி ஒன்று கிடக்கிறது. ஒரு முனை நேராக இருக்கும், மறுமுனை தூண்டில் முள் போல வளைந்திருக்கும். வெட்டிய துணி பறக்காமல் இருக்க அதைத்தான் மேலே வைப்பேன். "இத்த பழைய இரும்புக்குப் போட்டா இன்னா?" என்று தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் கேட்பார்கள். நான் துணியை வாங்கி அளவெடுக்க ஆரம்பித்துவிடுவேன். எனக்கு நாலு பேர் முன்னால் பேச்சு வராது. அன்றைக்கும் வராது, இன்றைக்கும் வராது. படிப்பும் அஞ்சாவதோடு நின்றுவிட்டது. எழுத்து மட்டும் கொஞ்சம் வரும் என்பதால் எழுதுகிறேன்.

எழுபதுகளில் ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவுக்குப் பின்னால், ஒரு தகரக் கொட்டகையில் கடைகளுக்கு ரோலிங் ஷட்டர் செய்துகொண்டிருந்தார் மேஸ்திரி. பட்டறை அவருடையது. நான் பிள்ளைப்பாக்கத்திலிருந்து நடந்தே வேலைக்குப் போவேன். நீளமான பட்டிகளை ஒன்றுக்குள் ஒன்று கோர்த்துத் தருவதும், சுவரோரம் அவை ஏறி இறங்கும் சேனலுக்கு கிரீஸ் தடவுவதும் என் வேலை. இரும்பு தட்டித் தட்டி மேஸ்திரிக்குக் காது மந்தமாகிவிட்டது. எதையும் கத்தித்தான் பேசுவார். எனக்கோ குரலே எழும்பாது. ரெண்டு வருஷத்தில் நான் சொன்ன ஒரு சொல்லாவது அவர் காதில் விழுந்திருக்குமா என்பது சந்தேகம்.

ரெண்டாம் வருஷம்தான் நாங்கள் மாட்டிய ஷட்டர் ஒன்றைத் திருடர்கள் தூக்கிவிட்டார்கள். பூட்டைத் தொடவே இல்லை. நடுவில் லாரி ஜாக்கியைக் கொடுத்து ஏற்றியிருக்கிறார்கள். பட்டிகள் வில்லாக வளைந்து, முனைகள் சேனலை விட்டு நழுவிவிட்டன. ஆள் படுத்து நுழையும் அளவுக்கு வழி. "இன்னா மேஸ்திரி, நீ மாட்டினது ஷட்டரா, பாயா? சுருட்டி வெச்சிட்டுப் போயிகீறானுங்களே!" என்று டீக்கடையில் கிண்டல் செய்தார்கள். வாலாஜாபாத்தில் வரிசையாகப் பன்னிரண்டு கடை கட்டிய முதலாளி, எங்களிடம் சொல்லியிருந்த வேலையை மெட்ராஸுக்கே கொடுத்துவிடப் போவதாகச் சொல்லி அனுப்பினார். அந்த வேலை போனால் கொட்டகையே போன மாதிரி. மேஸ்திரி தடித்த தகடு போட்டுப் பார்த்தார்; ரெண்டு ஆள் சேர்ந்தும் தூக்க முடியவில்லை. பெரிய பூட்டு வைத்துப் பார்த்தார். ஜாக்கிக்குப் பூட்டைப் பற்றி என்ன கவலை? கடைசியில் எங்களைக் கூப்பிட்டு, "வேற எடம் பாத்துக்கோங்க" என்றார். கத்தாமல் அவர் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

வேறு இடம் தேடுவதற்குள் நான் ஒரு தப்பு செய்தேன். கீழே விழுந்து முனை வளைந்த பட்டியைக் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்திய பிறகே கோர்க்க வேண்டும் என்பது பட்டறை வழக்கம். ஏதோ ஞாபகத்தில் வளைந்ததையே கோர்த்துவிட்டேன். சேனலுக்குள் வெல்டிங் துளி ஒன்று உறைந்து நின்றிருக்கிறது. வளைந்த முனை அதில் போய் மாட்டிக்கொண்டது. நாலு பேர் இழுத்தார்கள், வரவில்லை. "கண்ணு எங்க கீது உனக்கு?" என்று மேஸ்திரி சத்தம் போட்டு, ரம்பத்தால் அறுத்து எடுத்தார். வீட்டுக்கு நடக்கும்போது எனக்கு அதே நினைப்பு. நாலு பேர் இழுத்து வராதது, ஜாக்கி தூக்கினால் மட்டும் வந்துவிடுமா?

மூன்று நாள் சொல்ல வாய் வரவில்லை. நாலாம் நாள், மாதிரிக்கு நிறுத்தியிருந்த ஷட்டருக்கு உள்பக்கம் நின்று கிரீஸ் தடவிக்கொண்டிருந்தேன். மேஸ்திரி வெளியிலிருந்து அதைக் கீழே இழுத்துவிட்டு, ஒரு பட்டியைத் தட்ட ஆரம்பித்தார். அவர் முகம் மறைந்தது. எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்தக் குரல்!

"மேஸ்திரி! முனைய நிமித்தாதீங்க! வளைச்சே வுடுங்க!"

வெளியே சுத்தியல் சத்தம் நின்றது. "யாரு அது?"

"நாந்தான்."

"அடியம்மா! உனக்கு வாயி கீதா? இன்னொரு தபா சொல்லு."

தகடு அதிர அதிர முழுசும் கத்திச் சொன்னேன். நான் முடிக்கும் வரை அவர் ஷட்டரைத் தூக்கவே இல்லை. அதற்காகவே அந்த மனுஷனை நான் மறக்கவில்லை.

ஒன்று விட்டு ஒரு பட்டிக்கு இரண்டு முனையிலும் கொக்கி வளைத்தோம். அது பிடித்துக்கொள்ள, சேனலின் உள்விளிம்பு நெடுக ஒரு கம்பியை வைத்துப் பற்றவைத்தார். முதலில் சுருளும்போது ஒன்றோடொன்று சிக்கியது. கொக்கியின் வளைவை அரத்தால் ராவி, ராவி, ஒரு வாரத்தில் ஒரு கையால் ஏற்றும்படி ஆக்கினார்.

வாலாஜாபாத் முதலாளி லேசில் நம்பவில்லை. புதுக்கடை ஒன்றில் ஷட்டரை மாட்டியதும், காலையிலேயே ஒரு லாரி டிரைவரை ஜாக்கியோடு கூட்டி வந்துவிட்டார். கடைத்தெருவே வேடிக்கை பார்க்கக் கூடியது. கொக்கி நழுவுகிறதா என்று யாராவது உள்ளே நின்று பார்க்க வேண்டும். "நான் நிக்கறேன்" என்றேன். கூட்டத்தில் நிற்பதற்கு அது எவ்வளவோ தேவலை. பூட்டினார்கள். ஜாக்கி ஏற ஆரம்பித்தது. நடுப்பட்டி ரெண்டு விரற்கடை வளைந்தது. நான் சேனலோரம் முகத்தை வைத்துப் பார்த்தேன். அப்புறம் கொக்கிகள் ஒவ்வொன்றாகக் கம்பியைப் பிடித்தன. டக், டக், டக். அதற்கு மேல் மயிரிழை அசையவில்லை.

"மொதலாளி, ஷட்டரு ஏற மாட்டேங்குது, ஜாக்கிதான் தரைக்குள்ள எறங்குது!" என்று டிரைவர் கத்தினான். தெருவே சிரித்தது. "பன்னெண்டுக்கும் இதையே போடுய்யா" என்றார் முதலாளி. அப்போது மேஸ்திரி சொன்னது தகட்டைத் தாண்டி எனக்குக் கேட்டது. "இது என் மூளையில்ல மொதலாளி. உள்ள நிக்குதே, அந்தம்மா மூளை." சொல்லிக்கொண்டே பூட்டைத் திறந்து ஷட்டரை ஏற்றிவிட்டார். தெரு முழுக்க முகங்கள், எல்லாம் என்னைப் பார்த்தபடி. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். தலையை மட்டும் குனியவில்லை.

ரம்பத்தால் அறுத்த அந்த முதல் துண்டை மேஸ்திரி என் கையில் கொடுத்தார். அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. இப்போது ஒரகடம் ரோடு நெடுகக் கம்பெனிகள். பொத்தானை அழுத்தினால் ஷட்டர் தானே ஏறுகிறது. போன வாரம் எங்கள் தெருமுனையில் புதுக்கடை திறந்தார்கள். யாரும் பார்க்காதபோது சேனலுக்குள் விரலை விட்டுத் தடவினேன். உள்விளிம்பில் கம்பி இருந்தது. கொக்கியும் இருந்தது.

வீட்டுக்கு வந்து ஒரு ரவிக்கைத் துணியை வெட்டி வைத்தேன். மேலே அந்தப் பட்டி. மின்விசிறி முழு வேகத்தில் சுற்றுகிறது. துணி அசையவில்லை.