மாட்டுங்கா வீட்டுக் காபி மெஷின்

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்று பம்பாய் சயானில் எனக்குச் சொந்த எலெக்ட்ரிக் கடை. டிப்ளமா படித்தவர்கள் என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள். இதை நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

அறுபதுகளில் தாராவியில் ஒரு தோல் பட்டறையில் வேலை. வயரிங் வேலையை ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்துப் பார்த்தே கற்றிருந்தேன். அப்போதுதான் மாட்டுங்காவில் ஒரு பில்டிங் செக்ரட்டரி கூப்பிட்டனுப்பினார். கப்பலில் வேலை பார்க்கும் அவர் மச்சினன் கொண்டுவந்த கரண்டு காபி மெஷின். தண்ணீர் வெதுவெதுப்போடு நின்றுவிடுகிறதாம். அதைச் சரிசெய்துவிட்டால் பில்டிங் முழுக்க வயர் மாற்றும் வேலை எனக்கு. பட்டறையை விட்டு வெளியே வர எனக்கிருந்த ஒரே வழி அது.

“நான் கை வெச்ச மெஷின் திரும்பி வந்ததே கெடையாது சாமி, பாத்துக்கிடுங்க” என்றேன்.

“உன் வாய் நன்னா சூடேறறது. மெஷின் ஏறறதான்னு பாப்போம்” என்று வாசல் நிலையை அடைத்து நாற்காலி போட்டு, பேப்பரோடு உட்கார்ந்துகொண்டார்.

சமையலறைக்குள் நான் போகக் கூடாது. ஹால் தரையிலேயே உட்கார்ந்து கழற்றினேன். அடியில் வயர் முனை கருகி, லூசாகிக் கிடந்தது. சுரண்டி, இறுக்கி, ஹால் பிளக்கில் செருகினேன். தண்ணீர் கொதித்து மூடியைத் தட்டியது. நெஞ்சை நிமிர்த்தினேன். ஆறியதும் செக்ரட்டரி வீட்டு மாமி உள்ளே எடுத்துப்போனார். குழாய்ச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ‘டப்’.

“என்னப்பா இது, ஃபியூஸே போயிடுத்து!”

மறுபடி கழற்றினேன். அடித்தட்டிலிருந்து தண்ணீர் என் மடியில் கொட்டியது.

“தண்ணி உள்ள போயிருக்கு சாமி.”

“அலம்பாம எப்படி உள்ள எடுத்துண்டு போறது? நீ தொட்டிருக்கியோல்லியோ” என்றார் மாமி. கோபமே இல்லை, கத்தரிக்காய் விலை சொல்வது போலச் சொன்னார்.

செக்ரட்டரி பேப்பரைத் திருப்பினார். “அவ அலம்பாம விடமாட்டா. நீ ஒழுங்காப் பண்ணு.”

அலம்பாதீர்கள் என்று எதிர்த்துச் சொன்னால் வேலை போய்விடும். அலம்பினால் மெஷின் போய்விடும். எழுந்து போகலாமென்றால் வாசலில் நாற்காலி. மெஷினைப் பிரித்து ஜன்னல் வெயிலில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். வேர்க்க வேர்க்க, பட்டறை நாற்றம் என் சட்டையிலிருந்தே கிளம்பி எனக்கு அடித்தது. பாகங்கள் காய்ந்தன. எனக்குத்தான் ஒரு வழியும் தெரியவில்லை.

ஃபியூஸ் கம்பியை மாற்றி, மெஷினைப் பூட்டி முடித்தபோது என் வாய் தானாகவே சொன்னது: “அம்மா, கரண்டும் நெருப்புதான? அந்தச் சூட்டுல எந்தத் தீட்டும் நிக்காது. தண்ணி வேண்டாம்மா.”

மாமி யோசித்தார். “அதுவும் வாஸ்தவந்தான். அக்னின்னா அது” என்று புடவைத் தலைப்பால் பிடித்து, அலம்பாமல் உள்ளே கொண்டுபோனார்.

கொதித்தது. வாசனை ஹால் வரைக்கும் வந்தது. செக்ரட்டரி நாற்காலியை நகர்த்தினார். “நாளைக்கே வயரிங்கை ஆரம்பிச்சுடு.”

அந்த பில்டிங் முழுக்க இழுத்தது என் கை வயர். கல்யாண வீடுகளில் இந்தக் கதையைக் கேட்காதவன் இல்லை. கருகிய முனையைச் சொல்வேன், ஃபியூஸ் போனதைச் சொல்வேன். தீட்டு என்ற சொல் யார் வாயிலிருந்து வந்தது என்பதை மட்டும் இதுவரை சொன்னதில்லை.

அன்று மாமி எனக்கும் ஒரு டம்ளர் காபியை ஜன்னல் திட்டில் வைத்தார். ஊதி ஊதித்தான் குடிக்க முடிந்தது, அத்தனை சூடு.

“குடிச்சுட்டு வெளிக் குழாயில அலம்பிக் கவுத்துடுப்பா.”

அலம்பிக் கவிழ்த்தேன்.